மாருத் ஓட்டியவர்

ஆசிரியருக்கு,

எங்கள் அல்சூர் தெருவில் சென்ற வாரம் காலமான விமானப்படை அதிகாரியைப் பற்றி இரண்டே வரியில் செய்தி வந்திருந்தது. பதவியும் வயதும் மட்டும். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் மாருத் ஓட்டியவர் அவர். எச்.ஏ.எல். என்னும் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனம் உருவாக்கி, 1961 ஜூன் 17 அன்று இதே பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த போர் விமானம் அது.

போரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மகளுக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்ட கதை என்றால், கையிலிருக்கும் காபி ஆறும்வரை சொல்வார். பக்கவாதத்தில் விழுந்த மனைவிக்குத் தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து, மேலே மாதுளை முத்துகளைத் தூவி, தன் கையாலேயே ஊட்டினார். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்ன மகனிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். வங்கியில் ஓய்வூதியச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கும்போதும் பதவியைச் சொன்னதில்லை; நாமாக இருந்தால் விட்டிருப்போமா?

எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குப் போனால் மாருத்தைப் பார்க்கலாம். அந்தப் போரில் அதை ஓட்டியவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இருப்பவர்களைத் தேடிப்பிடித்து, ஞாயிறு இணைப்பில் மாதம் ஒருவரையாவது பேசவிடுங்கள். வீட்டாரையும் கேளுங்கள்.

– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு