குடி மறுவாழ்வு மையத்தில் பீடி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குடிநோய்க்குச் சிகிச்சை பெறுபவரிடம், 'முதலில் குடியை விடுங்கள், பீடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்வது மறுவாழ்வு மையங்கள் சிலவற்றில் வழக்கமாக இருக்கிறது. என் அண்ணன் தங்கிய மையத்தில் நாளுக்கு நான்கு பீடி என்று கணக்கு வைத்தே கொடுத்தார்கள். ஒழுங்காக நடந்துகொண்டால் ஐந்தாவதும் உண்டு!

இரண்டையும் ஒருசேர விட்டால் மனம் தாங்காமல் மறுபடி குடிக்கப் போய்விடுவார்கள் என்ற அச்சமே இதற்குக் காரணம். ஆனால், பல ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவில் 2004-இல் வெளியான கட்டுரை, போதைச் சிகிச்சையின்போதே புகையை விடவும் உதவி பெற்றவர்கள் நெடுங்காலம் போதையின்றி இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுவதாகவே கூறியது. மதுவுக்கும் புகைக்கும் உள்ள பிணைப்பு அத்தகையது. ஒன்றை எடுத்தாலே மற்றொன்றின் நினைவு வந்துவிடும். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான பில் வில்சன், 1934-க்குப் பின் குடிக்காமலேயே வாழ்ந்தும், புகைப்பழக்கம் தந்த நுரையீரல் நோயால் அவதிப்பட்டு 1971-இல் இறந்தார்.

ஆகவே, மையங்களில் குடிக்கான ஆலோசனையோடு புகை ஏக்கத்தைத் தணிக்கும் நிகோடின் சூயிங்கம், மருத்துவரின் கண்காணிப்பு, புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா உதவி எண் ஆகியவற்றையும் முதல் வாரத்திலேயே கிடைக்கச் செய்ய, சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை