தமிழில் கேம் விமர்சனம் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விமர்சகர்களுக்கு,

வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் காணொளிகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ரோல்-பிளேயிங் கேம், அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் கேம், என்ற பேச்சு வந்தாலே உங்களில் பெரும்பாலோர் முதலில் எடுக்கும் பெயர் ஸ்கைரிம். 2011 நவம்பர் 11 அன்று வெளியாகி, எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுத்து நூற்றுக்குக் கணக்கிடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 96 மதிப்பெண் வாங்கிய கேம் அது. வாழ்நாளில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்று நீங்கள் சொன்னதை நம்பி வாங்கினேன், கடைசிவரை ஆடினேன், ஏமாந்துபோனேன். இந்த ஏமாற்றத்தில் கேமுக்கு இருக்கும் பங்கைவிட, அதை நீங்கள் புகழ்ந்த விதத்துக்கு இருக்கும் பங்கு பெரிது என்று நினைப்பதால், இந்த மடலை அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்பாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அதன் நிறைகளை நான் மறைக்கப் போவதில்லை. கத்திரி வெயிலில் வேலூரே வெந்துகொண்டிருக்கும் மதிய வேளையில், ஜெரமி சோலின் இசையைக் கேட்டபடி அந்தப் பனிமலைகளில் ஏறிப் போவது உண்மையிலேயே பெரிய ஆறுதல். கண்ணுக்குத் தெரியும் மலை எதுவானாலும் அங்கே நடந்தே போய்ச் சேரலாம் என்பதும், வழியில் நுழையும் குகைகளில் யாரோ வாழ்ந்து மடிந்த தடயங்கள் கிடக்கும் என்பதும் நீங்கள் சொன்னபடியே இருந்தன. ஆனால் மேப்பின் பரப்பு, ஆடக்கூடிய மணி நேரம், குவெஸ்ட்டுகள் எனும் பணிகளின் எண்ணிக்கை, கிராபிக்ஸ் ஆகியவற்றைத் தாண்டி உங்கள் விமர்சனங்கள் போகவே இல்லை. நான் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டால் அந்த உலகம் எனக்கு என்ன பதில் சொல்லும் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த கேமில் வரும் வின்டர்ஹோல்ட் என்ற ஊரில் உள்ள மந்திரவாதிகள் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் முனையில் நிற்கும் ஆசிரியை, உள்ளே விடுவதற்கு முன் ஒரு மந்திரத்தைச் செய்து காட்டச் சொல்கிறாள். அந்த மந்திரம் தெரியாதவருக்குச் சில நாணயங்களை வாங்கிக்கொண்டு அவளே விற்கிறாள். என் பாத்திரம் கோடாரி பிடித்துப் பழகியவன். அந்தக் கல்லூரியின் கதை முழுவதிலும் அவன் சண்டைகளைக் கோடாரியாலேயே முடித்தான். இடையில் தேவைப்பட்ட ஓரிரு எளிய மந்திரங்களையும் கேமே கையில் கொடுத்துவிட்டது. இறுதியில் அவனையே கல்லூரியின் தலைமை மந்திரவாதி ஆக்கி, அங்கியையும் தங்கும் அறையையும் தந்தார்கள். ஆயுள் முழுவதும் மந்திரம் பயின்ற ஆசிரியர்கள் அத்தனை பேர் அங்கே இருந்தும், இது தகுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பதவியேற்ற பிறகு கல்லூரியை நடத்துவது குறித்து நான் எடுக்க வேண்டிய முடிவு என்று எதுவுமே வரவில்லை.

போர்வீரர்களின் கூட்டத்துக்கும் திருடர்களின் கில்டு எனும் சங்கத்துக்கும் அதே ஆளே தலைவனாகலாம். ஒன்றில் சேர்ந்ததற்காக மற்றொன்றின் கதவு மூடப்படுவதில்லை. உள்நாட்டுப் போரில் ஒரு பக்கம் நின்று வென்றாலும், சில நகரங்களின் அரியணையில் ஆள் மாறுவதோடு சரி. கதைக்குத் தேவையானவர்கள் என்று குறிக்கப்பட்ட பலர் எத்தனை வெட்டு வாங்கினாலும் மண்டியிட்டுவிட்டு மீண்டும் எழுந்துவிடுகிறார்கள். ஸ்கைரிம் இடம்பெறும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையிலேயே 2002-இல் வந்த மாரோவிண்ட் என்ற கேம் இப்படி இல்லை. அதன் கில்டுகளில் பதவி உயர வேண்டுமானால் அதற்குரிய திறமையை முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே நாம் சேரக்கூடிய பெருங்குடிகள், அதாவது அதிகாரம் படைத்த குலங்கள், மூன்று. ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டையும் மறந்துவிட வேண்டியதுதான். கதைக்கு இன்றியமையாத ஒருவரைக் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்தது என்று எச்சரித்துவிட்டு, முன்பு சேமித்துவைத்த கட்டத்துக்குத் திரும்புவதா, பாழாகிப்போன உலகிலேயே தொடர்வதா என்பதை நம் விருப்பத்துக்கே விட்டுவிடும். ஒன்பதாண்டுகளில் இந்த வரிசை எதையெல்லாம் கைவிட்டது என்பதைத் தமிழில் எனக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

பாத்திரம் ஏற்பது என்றால் என்ன என்பது வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடக்கும்போது, துகிலுரிதல் கூத்தில் துச்சாதனன் வேடம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே பாஞ்சாலியின் சேலையில் கை வைப்பார். வேடம்தானே என்று அவரும் விடமாட்டார், பார்த்திருக்கும் ஊரும் விடாது. ஏற்ற பாத்திரத்துக்கு ஒரு பொறுப்பும் அதற்கான விலையும் உண்டு என்று அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்திலும் இதுவே அடிப்படை. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் என்ன செய்தாலும், அதன் விளைவை நடுவர் அங்கேயே சொல்லியாக வேண்டும். ரோல்-பிளேயிங் வீடியோ கேம்கள் அந்த மேசையிலிருந்து பிறந்தவை. அப்படியிருக்க, அந்த வகையின் சிகரம் என்று ஒரு கேமை நீங்கள் முன்னிறுத்தும்போது, முதலில் இந்த அளவுகோலை வைத்துத்தானே அதை அளந்திருக்க வேண்டும்?

வேலூர் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு உங்கள் வாக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த கேம்களில் தமிழ் வசன வரிகள் கிடையாது. பக்கம் பக்கமாக ஓடும் ஆங்கில உரையாடலைத் தட்டுத் தடுமாறி வாசிக்கும் பிள்ளைகள், வாங்கலாமா வேண்டாமா என்பதை உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் மட்டுமே பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்கும். ஸ்கைரிமின் முதல் இரண்டு மணி நேரத்தில் மரண தண்டனையும் டிராகனும் தப்பியோட்டமும் வருகின்றன. அதைப் பார்த்துவிட்டு யாருக்கும் பணத்தைத் திரும்பக் கேட்கத் தோன்றாது. நான் மேலே சொன்ன குறைகளோ வெகு நேரம் கழித்துத்தான் கண்ணில் படுகின்றன. அதற்குள் கெடு முடிந்திருக்கும். முதல் இரண்டு மணி நேரத்தைத் திரும்பக் காட்டும் விமர்சனத்தால் எங்களுக்குப் பயன் இல்லை. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் நீங்கள் வேண்டும்.

மதிப்பெண் விஷயத்திலும் உங்களிடம் கூடுதல் கவனத்தை எதிர்பார்க்கிறேன். 2010-இல் வெளிவந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸ், ஒரு தரப்பில் சேர்ந்தால் மற்றொரு தரப்பு பகையாகும் உலகத்தைக் கட்டிக் காட்டிய கேம். மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை உண்டு என்று ஒப்பந்தம் இருந்ததையும், 84 மட்டுமே வந்ததால் அது கிடைக்காமல் போனதையும் அந்நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் அவெலோன் 2012-இல் வெளிப்படையாகவே சொன்னார். வெளியான நேரத்தில் அதில் பிழைகள் மலிந்திருந்தது உண்மைதான். ஆனாலும், செய்கைக்கு விளைவு உண்டு என்று காட்டிய உழைப்புக்கு 84, எதைச் செய்தாலும் அசையாத உலகத்துக்கு 96 என்று வந்த அந்த எண்களை, ஒரு கேள்வியும் கேட்காமல் இன்றுவரை தமிழில் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த எண்களைப் பார்க்க எங்களுக்கே தெரியும்.

என் அக்காள் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பகுதிநேர வேலையில் வரும் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவைத்து, 2023-இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற ரோல்-பிளேயிங் கேமை வாங்க வேண்டும் என்றிருக்கிறான். உங்களில் யார் அதைப் பற்றிப் பேசினாலும் அன்றிரவே பார்த்துவிடுகிறான். அடுத்த முறை பேசும்போது, அதை எவ்வளவு தூரம் ஆடினீர்கள், உங்கள் பிரதி விலைக்கு வாங்கியதா, இலவசமாக வந்ததா என்பதை முதலிலேயே சொல்லுங்கள். நீங்கள் எடுத்த ஒரு முடிவைக் குறிப்பிட்டு, பல மணி நேரம் கழித்து அது எங்கே, யார் வாயிலாகத் திரும்பி வந்தது என்பதைக் காட்டுங்கள். திரும்பி வராமலே போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாங்கலாமா என்பதை அவனே முடிவு செய்துகொள்வான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் பார்வையாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.