சிவாஜி ஐயாவுக்கு, கொஞ்சம் தாமதமாக

அன்புள்ள சிவாஜி ஐயாவுக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கல்லூரி நாட்களில் உங்களை ஓவர் ஆக்டிங் என்று கிண்டலடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். திருவிளையாடலில் மீனவராக வந்து கடற்கரையில் ஒரு நடை நடப்பீர்களே, அதை ஹாஸ்டலில் நடந்துகாட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை வீட்டிலும் செய்தேன். அப்பா உங்கள் ரசிகர், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

போன வாரம் அதே படத்தை மறுபடி பார்த்தேன். தருமி வரும் இடத்தில் இத்தனை வருஷமும் நாகேஷை மட்டுமே பார்த்துச் சிரித்திருக்கிறேன், யாராக இருந்தாலும் அப்படித்தான். இந்த முறை ஏனோ கண் உங்கள் பக்கம் போனது. அவர் வளைகிறார், புலம்புகிறார், ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறார். நீங்கள் பெரிதாக எதுவுமே செய்யவில்லை. கேள்வி வாயிலிருந்து விழுவதற்குள் பதில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். சிங்கம் மாதிரி முழங்கத் தெரிந்த ஆள், கூட நடிப்பவர் ஆடட்டும் என்று தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். இதை நான் இருபது வருஷம் கவனிக்கவே இல்லை.

எடுத்த காட்சியை நீங்கள் போட்டுப் பார்த்தபோது நாகேஷ் பயந்துகொண்டிருந்தாராம், அவரே சொல்லியிருக்கிறார். ஹீரோவைவிடக் காமெடியன் தூக்கலாகத் தெரிந்தால் கத்தரி எங்கே விழும் என்று அவருக்குத் தெரியாதா? நீங்களோ இயக்குநர் ஏ.பி. நாகராஜனிடம் இதில் ஒரு அடிகூட வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். படம் உங்கள் படம், சிவனும் நீங்கள்தான். 1965இல் உங்களுக்கு இருந்த இடத்துக்கு ஒரு வார்த்தை போதும், தருமி பாதியாகியிருப்பார்.

தயாரிப்பாளர் பெருமாள் முதலியார் கதையும் இதோடு சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். பராசக்திக்கு இந்தப் பையன் வேண்டாம் என்று சிலர் சொன்னபோது பிடிவாதமாக உங்களையே நிறுத்தியவர். 1952இல் படம் வந்து, நீங்கள் எங்கேயோ போன பிறகும், பொங்கலுக்கு வேலூரில் அவர் வீட்டு வாசலில் புதுத்துணியோடு போய் நிற்பதை விடவில்லையாமே. சினிமாவில் இதெல்லாம் நடக்கிற காரியமா!

சரி, எல்லாமே பிடித்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். எண்பதுகளில் நீங்கள் நடித்த சில படங்களை என்னால் முழுதாக உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை. ஆனால் முதல் மரியாதையும் அதே எண்பதுகளில்தான் வந்தது, சும்மா உட்கார்ந்திருந்தே ஒரு ஊர் பெரியவரின் பாரத்தைக் காட்டியிருப்பீர்கள்.

தருமி விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். "இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், அந்த மீனவர் நடையைப் போடு" என்றார். போட்டேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

அந்த நடை மட்டும் கொஞ்சம் ஜாஸ்திதான் ஐயா, இப்போதும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தாமதமாக வந்த ரசிகன்