அந்த அம்மா கேட்டதும் அரசியலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையக் குழுக்களில் அரசியல் பேச்சுக்கு முழுத் தடை வேண்டும் என்று சில நாட்களாக உங்கள் வாசகர்கள் எழுதி வருகிறார்கள். அப்படி ஒரு தடையை நானே போட்டு, நானே எடுத்தவள் என்பதால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆறு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டிய வகை அது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். இன்சுலின் எத்தனை யூனிட், காய்ச்சல் வந்தால் எப்போதெல்லாம் சோதிப்பது, பரீட்சை நாளில் என்ன செய்வது, இவைதான் எங்கள் பேச்சு. ராத்திரியில் யாராவது ஒருவர் விழித்திருப்பார் என்ற நம்பிக்கையில் ஓடுகிற குழு.

ஒரு தேர்தல் சமயத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. இரவு இரண்டு மணிக்கு ஒரு அப்பா, "பையனுக்கு 52 காட்டுகிறது, ஜூஸைத் தள்ளிவிடுகிறான், என்ன செய்ய?" என்று கேட்டிருந்தார். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பிள்ளை குடிக்க மறுத்தால் என்ன செய்வது என்பதும் எங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் கேள்விக்கு மேலேயும் கீழேயும் கட்சி மீம்கள், பார்வர்டு வீடியோக்கள், பதிலுக்குப் பதில். நாற்பது நிமிடம் யார் கண்ணிலும் அது படவில்லை. நல்லவேளை, பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விடிந்ததும் "இனி அரசியல் கூடவே கூடாது" என்று அறிவித்தேன்.

குழு அமைதியானது. அப்புறம் ஒரு அம்மா எழுதினார். பள்ளியில் தன் மகளை வகுப்பில் ஊசி போட விடுவதில்லை, கழிவறைக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறாள். இதற்கு ஒரு விதி வர வேண்டாமா, சோதனை ஸ்ட்ரிப்பை அரசு ஏன் இலவசமாகத் தரக்கூடாது, எல்லோரும் சேர்ந்து மனு கொடுக்கலாமா என்று. "இது அரசியல் ஆயிற்றே" என்றார் ஒருவர். விதி விதிதான் என்று பதிவை அழித்தேன். ஒரு வார்த்தை பேசாமல் அவர் அன்றே குழுவை விட்டுப் போனார்.

எங்கள் பிள்ளைகளின் மருந்தே அரசியலோடு பின்னிக் கிடக்கிறது. டொரண்டோவில் 1921-ல் இன்சுலினைக் கண்டறிந்த குழுவைச் சேர்ந்த பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-ல் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த மருந்துக்கு, மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களிடம் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2022-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் நோயாளிகளும் பெற்றோரும் எத்தனையோ வருடம் குரல் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் என்னைப் போல ஒரு அட்மின் அழித்துக்கொண்டே இருந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அன்றிரவு அந்த அப்பாவின் கேள்வியை மூடி மறைத்தது பார்வர்டுகள்தான். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வாட்ஸ்அப் நிறுவனம்கூட 2020-ல், பலமுறை பார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரே சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று வேகத்தைத்தான் குறைத்தது. என்ன பேசலாம் என்பதில் கை வைக்கவில்லை. இப்போது எங்கள் குழுவில் பார்வர்டு கிடையாது, எதையும் சொந்த வார்த்தையில்தான் எழுத வேண்டும். ஓட்டுக் கேட்கக் கூடாது. அவசரக் கேள்விகளுக்கு மட்டும் தனிக் குழு. மற்றபடி விதியை, விலையை, அரசை, யாரை வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். சண்டை இன்னும் வரத்தான் செய்கிறது. நானும் இன்னொரு அம்மாவும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம், சில நாள் அலுத்தும் போகிறது. ஆனாலும் ஒரு தாயின் கேள்வியை மறுபடி அழிக்க எனக்கு மனம் வராது.

போனவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. இதை அவர் படித்தால்: அம்மா, மனு தயாராக இருக்கிறது. முதல் கையெழுத்துக்கான இடத்தை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
குழுவின் அட்மின், ஒரு டைப் 1 பிள்ளையின் தாய்