தாமதமாக வரும் 'ம்'

அன்புள்ள கண்ணா,

நாங்கள் நலம். மழை விட்டுவிட்டது, அப்பாவின் முழங்கால் வலியும் பரவாயில்லை. இதை வாட்ஸப்பில் போட்டால் நீ சிக்னலில் நிற்கும்போது பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தட்டிவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பா 1977 புயலைப் பற்றி ஆரம்பித்தார். அவர் அப்போது லைன்மேன் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாகப்பட்டினம் பக்கம் கம்பமெல்லாம் சாய்ந்து கிடக்க, தஞ்சாவூரிலிருந்து லாரியில் கம்பிச் சுருளோடு கிளம்பினார்கள். திருத்துறைப்பூண்டி ரோட்டில் தென்னை மரங்கள் விழுந்து கிடந்ததால் ஒவ்வொன்றாக வெட்டி இழுத்துப் போட்டுவிட்டுத்தான் லாரி நகர்ந்ததாம். அதையெல்லாம் சொல்லிவிட்டு, முதல் லைன் உயிர் பெற்ற ராத்திரி ஒரு கிழவி வந்து நின்றாள் என்ற இடத்துக்கு வந்தார். அப்போது உன் போன் அதிர்ந்தது. நீ குனிந்தாய். "ம், சொல்லுங்கப்பா" என்றாய், குனிந்தபடியே. அவர் இன்னும் ரெண்டு வரி சொல்லிப் பார்த்தார். உன் 'ம்' வந்தது, ஆனால் பிந்தி வந்தது. "அவ்வளவுதான்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

நீ கவனிக்காமல் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் புயலைப் போனிலேயே தேடி, "நவம்பர் 12-ஆம் தேதி கரை கடந்திருக்குப்பா" என்று சரியாகவே சொன்னாய். தேதியை அவர் கேட்கவில்லையே கண்ணா.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நான் காதால் பிழைத்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்க் கால்களை இணைத்துவிடும் ட்ரங்க் போர்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று ரகமாகக் கால் புக் செய்வார்கள், மூன்று மூன்று நிமிடமாகக் கணக்கு. அந்தக் காலத்துப் பேச்சு ஏதோ உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. முதல் நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும், மீதி இரண்டு நிமிடத்தில் அழுகையும் மணியார்டர் விவரமும். ஆனால் வெளிநாட்டுக் கால் சாட்டிலைட் வழியாக வரும்போது ஒன்று நடக்கும். குரல் அவ்வளவு தூரம் மேலே போய் இறங்கி வருவதற்குள் அரை நொடிக்குப் பக்கமாகப் பதில் தாமதிக்கும். அவ்வளவுதான், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள், அப்புறம் "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு". எத்தனை பாசம் இருந்தாலும் அந்தத் தாமதம் பேச்சைக் கெடுத்துவிடும். 2009-ல் பத்து மொழிகளை வைத்து ஆராய்ந்து, ஒருவர் முடித்ததும் இன்னொருவர் தொடங்க ஆகும் நேரம் சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டுபிடித்தார்களாம். படித்தபோது சிரிப்பு வந்தது. இது எங்கள் எக்ஸ்சேஞ்சில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

இப்போது யோசித்துப் பார். நீ அப்பாவுக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாய், உன் 'ம்' சாட்டிலைட் காலைவிடத் தாமதமாக வந்தது. சின்ன வயதில் நீ கதை கேட்கும்போது உம் கொட்டாமல் தூங்கிவிட்டால் பாட்டி அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவாள், ஞாபகம் இருக்கிறதா? சொல்கிறவருக்கு எதிரே ஒரு காது வேண்டும். அது இல்லை என்று தெரிந்தால் வயதானவர்கள் சண்டை போட மாட்டார்கள், சுருக்கிக்கொண்டுவிடுவார்கள்.

எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2012-ல் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டு, சிலருக்குப் பக்கத்தில் ஒரு போனையும் சிலருக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்தார்கள். போன் மணியடிக்கவே இல்லை, சும்மா இருந்தது. அப்படியும் போன் இருந்த இடத்தில் நெருக்கம் குறைந்தது, அதுவும் மனதுக்கு முக்கியமான விஷயத்தைப் பேசச் சொன்னபோதுதான் அதிகம். பின்னால் இதே மாதிரி செய்து பார்த்த சிலருக்கு அந்த விடை கிடைக்கவில்லை என்றும் படித்தேன். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. சும்மா கிடக்கிற போன் என்ன செய்யுமோ செய்யாதோ, கையில் எடுத்துப் பார்க்கிற போன் என்ன செய்தது என்பதை நம் வீட்டுக் கூடத்திலேயே பார்த்துவிட்டேன்.

போனே கூடாது என்கிற ஆள் நான் இல்லை. வருகிற காலுக்கும் காசு வாங்கிய நாட்களைப் பார்த்தவள். நீ முதலில் வேலைக்குப் போன ஊரிலிருந்து நினைத்தபோது கூப்பிட முடிந்ததே, அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். உன் அப்பாவும் யோக்கியமில்லை, மத்தியானம் முழுக்க ரீல்ஸ்தான், யாரோ தவில் வாசிப்பது, யாரோ பிரியாணி கிண்டுவது. ஆனால் வாசலில் யாராவது வந்தால் கவிழ்த்து வைத்துவிடுவார், அதையாவது சொல்ல வேண்டும்.

ஆபீஸ் வேலை என்று நீ சொல்வாய், தெரியும். சில அழைப்பை எடுத்துத்தான் ஆக வேண்டும். "அப்பா, ஒரு நிமிஷம், இதைப் பேசிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போ, அவர் காத்திருப்பார், சந்தோஷமாகக் காத்திருப்பார். பாதி இங்கே பாதி அங்கே என்று இருப்பதுதான் வேண்டாம். பாப்பா உன் தாடையைப் பிடித்துத் திருப்பி "இங்க பாருப்பா" என்கிறாளே, அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. அப்பா உன் தாடையைப் பிடித்துத் திருப்ப மாட்டார்.

பொங்கலுக்கு வரும்போது சாப்பாட்டு நேரத்திலும் ராத்திரியிலும் உன் போன் பிரிட்ஜ் மேல் இருக்கட்டும், அவருடையதையும் அங்கேயே வைக்கச் சொல்கிறேன். மருமகளிடமும் சொல், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவள்தான் அன்றைக்கு முதலில் கவனித்தாள். கிழவி என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும், நான் சொல்ல மாட்டேன். நீயே கேட்டு வாங்கிக்கொள். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை, நீயும் உளறிவைக்காதே.

டிக்கெட் போட்டுவிட்டாயா? பாப்பாவுக்குப் பாவாடை தைக்க அளவு வேண்டும், மருமகளை அனுப்பச் சொல்.

அம்மா