மெய்நிகர் நினைவகத்தை நிறுத்த முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியின் வேகத்தைக் கூட்டும் வழிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எளிய நடையில் பயனுள்ள பல குறிப்புகளைத் தந்திருந்த அக்கட்டுரை, நினைவக மேலாண்மையைப் பற்றிய பத்தியில் மட்டும் இரண்டு இடங்களில் தவறியிருக்கிறது. ரேம் போதாதபோது வட்டின் ஒரு பகுதியை நினைவகம்போலப் பயன்படுத்திக்கொள்வதே மெய்நிகர் நினைவகம் என்பது ஒன்று. ஆகவே ரேம் தாராளமாக உள்ளவர்கள் அதை நிறுத்திவிட்டால் கணினி வேகமாகும் என்பது மற்றொன்று. பல ஆண்டுகளாக லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலோடு புழங்கிவருபவன் என்ற முறையில், முதற்கூற்று பாதி உண்மை என்றும், இரண்டாவது கூற்றை நம்பிச் செயல்படும் வாசகர்கள் தங்கள் வேலையை இழக்க நேரிடும் என்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதில் கட்டுரையாளரை மட்டும் குறைசொல்வதற்கில்லை. விண்டோஸில், ரேமில் இடம் போதாத தரவை வட்டில் வைக்கும் பக்கக் கோப்பின் அளவை மாற்றும் இடத்திற்கே ‘மெய்நிகர் நினைவகம்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். வரலாறும் ஓரளவு அவர் பக்கமே நிற்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையிலான குழு உருவாக்கி, 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில்தான் இந்த ஏற்பாடு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. சிறிய காந்த நினைவகத்தையும் பெரிய உருளைச் சேமிப்பகத்தையும் நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு ஒரே நினைவகமாகக் காட்டுவதே அன்றைய நோக்கம். ஆனால் அதற்காக அவர்கள் கண்டுபிடித்த வழி, அந்த நோக்கத்தைவிடப் பெரியதாக வளர்ந்துவிட்டது. நிரல் சொல்லும் முகவரி வேறு, தரவு உண்மையில் இருக்கும் இடம் வேறு என்று இரண்டையும் பிரித்ததே அந்த வழி. இன்று மெய்நிகர் நினைவகம் என்று நாங்கள் சொல்வது இந்தப் பிரிவினையைத்தான். வட்டு அதில் ஒரு துணைப் பாத்திரம் மட்டுமே.

ஒரு சிறு கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். கெர்னல் நினைவகத்தை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுத்து நிர்வகிக்கிறது. ஒரு நிரல் 20,48,120 என்ற முகவரியில் உள்ள எண்ணைக் கேட்கிறது என்று கொள்வோம். அதை 4,096ஆல் வகுத்தால் 500ஆம் பக்கம், அதில் 120ஆம் பைட் என்று வரும். அந்த நிரலுக்கு உரிய பக்க அட்டவணையில் 500ஆம் பக்கத்திற்கு நேராக ரேமின் 9,000ஆம் சட்டகம் (ஒரு பக்கம் அடங்கும் ரேம் இடம்) என்று எழுதியிருந்தால், பிராசசர் உண்மையில் படிப்பது 3,68,64,120ஆம் பைட்டை. அதே நேரத்தில் ஓடும் இன்னொரு நிரலும் அதே 20,48,120ஐக் கேட்கலாம்; அதன் அட்டவணையில் 12,000ஆம் சட்டகம் என்று இருந்தால் அதற்குக் கிடைப்பது 4,91,52,120ஆம் பைட். இரண்டு நிரல்களும் ஒரே முகவரியைச் சொல்கின்றன. ஆயினும் ஒன்றின் தரவை மற்றொன்றால் தொடக்கூட முடியாது. பக்கத்திற்குள் இருக்கும் இடமாகிய 120 மட்டும் மாறாமல் அப்படியே செல்கிறது.

இந்த அட்டவணையைக் கட்டியிருக்கும் விதம், எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பூட்டுவது. இன்றைய 64 பிட் எக்ஸ்86 பிராசசர்களில் வழக்கமாக 48 பிட் முகவரி பயன்படுகிறது. அதாவது 256 டெராபைட் அளவுள்ள முகவரி வெளி. ஒவ்வொரு பக்கத்திற்கும் 8 பைட் வீதம் ஒரே நீண்ட பட்டியலாக எழுதினால், ஒரு நிரலின் அட்டவணைக்கு மட்டும் 512 ஜிகாபைட் வேண்டும். ஆகவே அதை நான்கு அடுக்கு மரமாக அமைத்திருக்கிறார்கள். முகவரியின் மேல் பகுதி ஒன்பது ஒன்பது பிட்களாக நான்காகப் பிரிகிறது. ஒவ்வொரு ஒன்பது பிட்டும் அந்தந்த அடுக்கிலுள்ள அட்டவணையின் 512 பதிவுகளில் ஒன்றைச் சுட்டுகிறது. எஞ்சிய 12 பிட் பக்கத்திற்குள் இடத்தைக் காட்டுகிறது. 512 பதிவுகளை 8ஆல் பெருக்கிப் பாருங்கள்: 4,096. ஓர் அட்டவணை சரியாக ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது! நிரல் தொடாத பகுதிகளுக்குக் கிளையே முளைப்பதில்லை என்பதால், ஒரே ஒரு பக்கத்தைப் பயன்படுத்தும் நிரலுக்கு நான்கு அட்டவணைகள், அதாவது 16 கிலோபைட் போதும். நினைவகத்தின் ஒவ்வோர் அணுகலுக்கும் நான்கு படி இறங்கினால் வேகம் என்னாவது என்று கேட்கலாம். அண்மையில் கண்டறிந்த மொழிபெயர்ப்புகளைப் பிராசசரே டி.எல்.பி. என்ற சிறு குறிப்பேட்டில் வைத்துக்கொள்வதால், பெரும்பாலான அணுகல்களுக்கு இறங்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

ஒவ்வொரு பதிவிலும் சட்டக எண்ணோடு சில ஒற்றை பிட்களும் உண்டு. பக்கம் ரேமில் இருக்கிறதா, எழுதலாமா, சாதாரண நிரல் தொடலாமா, அண்மையில் தொடப்பட்டதா, மாற்றப்பட்டதா என்பவற்றையெல்லாம் அவை சொல்லும். கெர்னலின் திறமை முழுவதும் இந்தப் பிட்களில்தான் வெளிப்படுகிறது. ஒரு நிரல் ஒரு ஜிகாபைட் நினைவகம் கேட்டால், கெர்னல் அதற்குரிய 2,62,144 பக்கங்களையும் அந்தக் கணமே எடுத்துக் கொடுப்பதில்லை. இந்த முகவரிகள் உன்னுடையவை என்று தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். பிறகு நிரல் ஒரு பக்கத்தில் முதன்முதலாக எழுத முனையும்போது, ‘இங்கே பக்கம் இல்லை’ என்று பிராசசர் நிரலை நிறுத்திக் கெர்னலை அழைக்கிறது. கெர்னல் காலியான சட்டகம் ஒன்றைத் தேடி எடுத்து, அதில் முன்பிருந்த வேறொருவரின் தரவு கசிந்துவிடாதபடி முழுவதும் சுழியால் நிரப்பி, அட்டவணையில் பதிந்துவிட்டுத் திரும்புகிறது. நின்ற கட்டளை மீண்டும் ஓடுகிறது. இடையில் இத்தனை நடந்தது நிரலுக்குத் தெரியாது.

இந்த நிகழ்வைப் பாடநூல்கள் ‘பக்கப் பிழை’ என்று மொழிபெயர்ப்பது எனக்கு நெடுநாள் உறுத்தல். பெரும்பாலான வேளைகளில் இதில் பிழை எதுவுமில்லை. ‘பக்க அழைப்பு’ என்றால் மாணவர்கள் மிரளாமல் இருப்பார்கள். அந்த முகவரி நிரலுக்கு உரியதே இல்லை என்று கெர்னலின் கணக்கு சொல்லும்போது மட்டுமே அது குற்றமாகி, நிரல் கொல்லப்படுகிறது.

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு நிரல் தன்னைத்தானே பிரதி எடுக்கும் முறையும் இதே அழைப்பை நம்பித்தான் இருக்கிறது. பல ஜிகாபைட் தரவை வைத்திருக்கும் நிரல் பிரதி எடுக்கப்படும்போது, கெர்னல் தரவை நகலெடுப்பதில்லை. அட்டவணைகளை மட்டும் நகலெடுத்து, மூலம், பிரதி இரண்டுக்கும் எழுதத் தடை என்று குறித்துவைக்கிறது. யார் முதலில் எழுத வருகிறார்களோ, அவர் தொட்ட அந்த ஒரு பக்கம் மட்டும் அப்போது நகலாகிறது. இதில் எங்கேயும் வட்டு வரவில்லை என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். இன்றைய பொதுப் பயன்பாட்டு இயங்குதளங்களில் மெய்நிகர் நினைவகத்தை நிறுத்த வழியில்லை. நிறுத்தினால் ஒரு நிரல்கூட ஓடாது. நிறுத்தக்கூடியது, ரேமிலிருந்து பக்கங்களை இறக்கிவைக்க உதவும் ஸ்வாப் என்னும் வட்டுப் பகுதியை மட்டுமே.

அதை நிறுத்துவதும் நல்லதா என்றால், நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில், இதே போன்ற அறிவுரையை நம்பி ஒரு சர்வரில் ஸ்வாப்பை நானே எடுத்துவிட்டேன். சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே ஓடின. ஓர் இரவு வழக்கத்தைவிடப் பெரிய தரவுத் தொகுதி வந்தபோது கணினி ஏறத்தாழ உறைந்துவிட்டது. நான் தட்டிய எழுத்து திரையில் தோன்ற நிமிடக்கணக்கில் ஆனது. ஸ்வாப் இல்லாத அந்த இயந்திரத்தில் வட்டின் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. காரணம் மறுநாள்தான் புரிந்தது. நிரல்கள் தாமாக உருவாக்கிய தரவுப் பக்கங்களுக்கு வட்டில் மூலப்பிரதி இல்லை. ஸ்வாப்பும் இல்லையென்றால், நாள்கணக்கில் யாரும் தொடாத பக்கமாயினும் அதை ரேமிலிருந்து இறக்கக் கெர்னலுக்கு வழியில்லை. எனவே கெர்னல், வட்டிலுள்ள கோப்பிலிருந்து மீண்டும் படித்துக்கொள்ளக்கூடிய பக்கங்களைக் கைவிடத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருந்த நிரல்களின் கட்டளைகளே அத்தகைய பக்கங்களில்தான் இருந்தன. கைவிட்ட மறுகணமே அவை மீண்டும் தேவைப்பட்டன. மீண்டும் வட்டு, மீண்டும் கைவிடல். ரேமை அணுக ஏறத்தாழ 100 நானோநொடி ஆகிறது என்றால், சுழலும் வட்டில் ஒருமுறை தேடிப் படிக்கச் சில மில்லிநொடிகள் ஆகும். பல்லாயிரம் மடங்கு இடைவெளி அது. கடைசியில் கெர்னல் வேறு வழியின்றி, மிக அதிக நினைவகம் வைத்திருந்த தரவுத்தள நிரலைக் கொன்று இடத்தை மீட்டது. அந்த இரவின் வேலை முழுவதும் போயிற்று.

ஒரு நிரல் குறிப்பிட்ட காலத்தில் உண்மையில் புழங்கும் பக்கங்களின் தொகுப்பை ‘வேலைத் தொகுப்பு’ என்று பெயரிட்டு, பீட்டர் டென்னிங் 1968இலேயே விளக்கிவிட்டார். அத்தொகுப்புகள் ரேமில் அடங்கும்வரை தொல்லையில்லை. அடங்காதபோது ஸ்வாப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணினி தத்தளிக்கும். ஸ்வாப் இருந்தால், உறங்கும் பக்கங்களை வெளியே அனுப்பி, வேலைத் தொகுப்புக்கு இடம் ஒதுக்கும் வாய்ப்பாவது கெர்னலுக்குக் கிடைக்கிறது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நிரல்களுக்கு இடையிலும், நிரலுக்கும் கெர்னலுக்கும் இடையிலும் நிற்கும் சுவர் பக்க அட்டவணைதான். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற குறைபாடு வெளியானபோது, கெர்னலின் பக்கங்களைச் சாதாரண நிரல் தொடக்கூடாது என்று குறிக்கும் ஒற்றை பிட்டை, பாதிக்கப்பட்ட பிராசசர்கள் தாமதமாகவே மதிக்கின்றன, அதற்குள் கெர்னலின் தரவு கசிந்துவிடலாம் என்று உலகம் அறிந்தது. தீர்வாகக் கெர்னல் எழுதுவோர் செய்தது, நிரல் ஓடும்போது ஓர் அட்டவணை, கெர்னல் ஓடும்போது வேறோர் அட்டவணை என்று இரண்டாகப் பிரித்ததே. அதனால் சற்று வேகம் குறைந்தது. இருந்தும் அதைத் தயங்காமல் ஏற்றார்கள்.

தங்கள் நாளிதழைப் படித்துவிட்டு ஸ்வாப்பையோ பக்கக் கோப்பையோ ஏற்கெனவே நீக்கிய வாசகர்கள் அதை மீண்டும் அமைத்துக்கொள்ளுமாறு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இன்னொரு குறிப்பையும் அதில் சேர்க்கலாம்: ‘காலி நினைவகம்’ என்ற எண் சிறிதாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம், ஏனெனில் சும்மா கிடக்கும் ரேமைக் கெர்னல் கோப்புகளைத் தேக்கிவைக்கப் பயன்படுத்துகிறது. 2014இல் வந்த 3.14ஆம் பதிப்பு முதல் ‘கிடைக்கக்கூடிய நினைவகம்’ என்ற தனி மதிப்பீட்டைக் கெர்னலே தருகிறது. பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்