மொத்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலை தேடும் இளைஞர்களுக்கான உங்கள் கட்டுரையில், மதிப்பெண் குறைவு என்றால் பயோடேட்டாவில் போடாமல் விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. மன்னார்குடியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் வளாகத் தேர்வு நேரத்தில் பிள்ளைகள் பென் டிரைவோடு வந்து நிற்பார்கள். புதிதாகப் படித்து முடிப்பவர்களுக்கு அந்த யோசனை சரிப்படாது. சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் பத்துக்கு இத்தனை என்று வரும் சராசரி, இல்லாத பயோடேட்டாவைப் பார்த்ததும், ரொம்பக் குறைச்சல் போலிருக்கிறது என்றுதான் எதிரே இருப்பவர் முடிவு கட்டுவார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரின் கதை இதுதான்: பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. பொறியியல் முதலாண்டில் கணிதமும் இயற்பியலும் ஆங்கிலத்தில் வந்து விழும்போது திணறல், ஓரிரண்டு பாடத்தில் தேறாமல் அரியர். மூன்றாம் செமஸ்டரிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஆனால் முதல் இரண்டில் 5.6, அடுத்த ஆறிலும் 8 வாங்கியவனுக்கு, எல்லா செமஸ்டருக்கும் கிரெடிட் (பாடங்களுக்கான எடை) சமம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 7.4தான் வரும். எட்டு வாங்குகிற பையன் அந்த எண்ணில் எங்கே தெரிகிறான்?

அதனால் மொத்தத்தை மறைக்காமல், 'சிஜிபிஏ 7.4, கடைசி ஆறு செமஸ்டர் சராசரி 8.0, அரியர் நிலுவை இல்லை' என்று ஒரே வரியில் போடச் சொல்கிறேன். துறைப் பாடங்களில் நல்ல கிரேடு இருந்தால் அதையும் புராஜெக்டையும் மேலே ஏற்றலாம். 7.4ஐ 7.5 ஆக்கித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு வேறு கடை பார்க்கச் சொல்லிவிடுவேன். சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினால் கிடைத்த வேலையும் போய்விடும்.

மதிப்பெண் குறைந்த காரணத்தை மட்டும் தாளில் எழுத வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது செமஸ்டருக்குப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை நேர்முகத்தில் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

குறைந்தபட்ச சிஜிபிஏ இத்தனை என்று கம்ப்யூட்டரே கழித்துக்கட்டும் இடங்களில் இந்த வரி உதவாது, உண்மைதான். மனிதர் கையில் எடுத்துப் படிக்கிற சின்ன, நடுத்தர நிறுவனங்களில் உதவும். கல்லூரிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படிவம் அனுப்புகின்றன. அதில் சிஜிபிஏவுக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. பக்கத்தில் கடைசி ஆறு செமஸ்டர் சராசரிக்கு இன்னொரு கட்டம் சேர்த்தால் என்ன?

இப்படிக்கு,
வாசகர், மன்னார்குடி